அண்ணன் வராத படம்

அழாதீர்கள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். அந்த டிவியில் இப்போது ஓடுவது அழ வேண்டிய காட்சி இல்லை. எழுந்து போய் டிவியை அணைக்க வேண்டிய காட்சி. டிரைவர் திட்டுவார் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

தப்பாக நினைக்காதீர்கள். பக்கத்து சீட்டில் இருப்பவர்களிடம் நான் இப்படிப் பேசுகிறவளே இல்லை. விழுப்புரத்தில் வண்டி நின்றபோது கடைக்காரர் சர்க்கரை போடாமல் டீ கொடுத்துவிட்டார். கேட்டு வாங்கக் கூச்சப்பட்டு அப்படியே குடித்துவிட்டு வந்தேன். ஏறும்போது கண்டக்டரிடம் காடாம்புலியூரில் இறங்க வேண்டும் என்று சொன்னேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. இரண்டாவது தடவை சொல்லவில்லை. அப்படிப்பட்டவள் நான். ஆனால் காலையிலிருந்து எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. நீங்கள் வேறு அந்தக் குரலைக் கேட்டு அழுதுவிட்டீர்கள். யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

அந்தக் கதாநாயகி பேசுகிறாளே, அந்தக் குரல் யாருடையது தெரியுமா? என்னுடையது. என்னுடையதும் இல்லை. இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் 'பதினேழாம் டோக்கன்' என்று ஒரு படம் வந்ததே, பார்த்தீர்களா? டிவியில் பார்த்திருப்பீர்கள். இப்போது ஓடுவது அதன் இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் தெய்வானை ஒரு ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்ட் வைத்திருப்பாள். அவளுடைய அண்ணன் ஒரு நாள் காலையில் சைக்கிளை அங்கே விட்டு, பதினேழாம் நம்பர் டோக்கனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறுவான். தங்கச்சி கடையாக இருந்தாலும் டோக்கன் வாங்காமல் போக மாட்டான். அவ்வளவுதான். திரும்பி வரவே மாட்டான். மணல் லாரிக்காரர்களைப் பற்றி எங்கோ புகார் கொடுக்கப் போனவன். அவள் போலீஸ் ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ், எம்.எல்.ஏ. வீடு என்று அலைவாள். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். கடைசிக் காட்சியில் ஒரு ஆள் வந்து, "இந்தத் துருப்பிடிச்ச வண்டி யாருதும்மா? இடத்த அடைச்சுக்கிட்டு நிக்குது" என்பான். அவள், "எங்கண்ணனோடது. வருவாரு சார்" என்பாள். படம் முடிந்துவிடும். தியேட்டரில் விளக்குப் போட்ட பிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான் பார்த்தேன்.

அந்த "வருவாரு சார்" நான் பேசியது. நடித்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. நான் டப்பிங் பேசுகிறவள். பி.ஏ. தமிழ் படித்தேன். வகுப்பில் எழுந்து நின்று ஒரு பத்தி வாசிக்கச் சொன்னால் தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொல்லி உட்கார்ந்துவிடுவேன். ஆனால் டப்பிங் தியேட்டரில் அந்தக் கண்ணாடி அறைக்குள் என்னை விட்டுக் கதவைச் சாத்திவிட்டால், கத்தச் சொன்னால் கத்துவேன், கெட்ட வார்த்தை சொல்லச் சொன்னால் சொல்வேன். உள்ளே யாரும் என்னைப் பார்ப்பதில்லை. வெளியே ஸ்பீக்கரில் கேட்பது மட்டும்தான்.

அந்த வசனத்தை எத்தனையோ தடவை பேசினேன். டைரக்டர் இளம்பரிதி சாருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. தண்ணீர் கேட்கக் கூச்சம். எச்சிலை விழுங்கிக்கொண்டு "வருவாரு சார்" என்றேன். சவுண்ட் இன்ஜினியர் டேனியல் அண்ணன் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். "சுகி, அந்த முழுங்குற சத்தம் மைக்குல விழுந்துடுச்சு. அத எடுக்க மாட்டேன். அதான்மா படம்" என்றார். என் பெயர் சுகிர்தா. எல்லோரும் சுகி என்பார்கள்.

பத்திரிகையில் அந்த விழுங்கலைப் பற்றி எழுதினார்கள். நடித்த பெண்ணுக்கு விருது கொடுத்தார்கள். அவள் மேடையில் ஏறி இந்தியில் நன்றி சொன்னாள். என் பெயர் படத்தில் எங்கேயும் இல்லை. லைட் பிடித்தவர் பெயர் வந்தது, டீ கொடுத்தவர் பெயர் வந்தது. கேட்டிருக்கலாம். கேட்க வரவில்லை.

பரவாயில்லை, வேலை வந்தது. எங்கே போனாலும் அதே விழுங்கலைக் கேட்டார்கள். சீரியலில் மாமியார் விரட்டுகிற மருமகளுக்கு, கண்ணாஸ்பத்திரி விளம்பரத்துக்கு, நகைக்கடை விளம்பரத்துக்குக்கூட. அதில் அப்பா மகளுக்கு வளையல் போடுகிறார், மகள் எச்சில் விழுங்கி "அப்பா" என்கிறாள். கொடுத்தேன். இப்போதெல்லாம் தொண்டை வறள வேண்டியதே இல்லை. நினைத்தவுடன் வரும். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நின்றாலும் வரும். அது தொழில், அக்கா. பழகிய கை மாதிரி பழகிய தொண்டை. இளம்பரிதி பழசையே திருப்பிப் போட்டு ஊரை ஏமாற்றியிருக்கிறாரே, அது வேறு.

பாருங்கள், இப்போது சைக்கிள் மணி அடித்ததா? இதோ இன்னொரு தடவை. முதல் பாகத்தில் அந்த மணி ஒரே ஒரு முறை அடிக்கும். ஒரு குழந்தை விளையாட்டாக அடிக்க, உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த தெய்வானை விழுந்தடித்துக்கொண்டு வெளியே ஓடி வருவாள். நெஞ்சு நின்றுவிடும் பார்க்கிறவர்களுக்கு. இதில் அண்ணன் திரும்பி வந்துவிடுகிறான், அவன் ஒவ்வொரு ஆளை அடிக்கும்போதும் மணி அடிக்கிறது. கோயில் திருவிழா மாதிரி. அதற்கு ஒரு பாட்டு வேறு.

அப்புறம் அந்த மொட்டை வில்லன். முதல் பாகத்து மணல்காரனின் தம்பியாம். எல்லா வில்லனுக்கும் ஒரு தம்பி எங்கிருந்துதான் வருகிறானோ! முதல் பாகம் முழுக்க அந்தத் தம்பி எங்கே போயிருந்தான்? மணல்காரன் பெயர் ஊரெல்லாம் அடிபட்டபோது இவன் ஊரில் இல்லையா? சரி, தெய்வானை என்ன செய்கிறாள்? நீங்களே சொல்லுங்கள், இவ்வளவு நேரம் பார்த்தீர்களே. இட்லி சுடுகிறாள். அண்ணன் சாப்பிடுகிறான், எழுந்து போய் அடிக்கிறான், வந்து மறுபடியும் சாப்பிடுகிறான். தனியாக நின்று ஒரு ஜில்லாவையே கேள்வி கேட்ட பொண்ணு, இங்கே சட்னி அரைக்கிறாள்.

என்ன சொல்கிறீர்கள்? அண்ணன் வந்தால் நல்லதுதானே என்கிறீர்களா?

அக்கா, அங்கேதான் எல்லோரும் தப்புப் பண்ணுகிறார்கள். அந்தப் படத்தை ஜனங்கள் நேசித்ததே அவன் வராததால்தான். இளம்பரிதி சார் மணியைப் பார்த்தார், வசனத்தைப் பார்த்தார், என் விழுங்கலைப் பார்த்தார். இருந்ததை எல்லாம் பொறுக்கி எடுத்து இரண்டு மடங்கு ஆக்கினார். இல்லாத ஒன்றுதான் படம் என்று அவருக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் வெளிநாட்டில் ஒரு அண்ணன் இருக்கிறாரா? போன் வந்து நாளாயிற்றா? சரி சரி, வரட்டும், நல்லபடியாக வரட்டும். நான் சொல்வது சினிமா. குறுக்கே பேசினால் எனக்கு விட்டுப்போகும்.

என்னைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். யார் கேட்டார்கள்? இரண்டாம் பாகம் என்றால் அந்த ஐந்து வருஷத்தையும் அவள் வாழ்ந்திருக்க வேண்டும். நாம் பார்க்காதபோதும் அவளுக்குக் காலையும் சாயங்காலமும் வந்திருக்க வேண்டும். அந்த சைக்கிளின் டயர் மண்ணோடு ஒட்டியிருக்கும். ஸ்டாண்டில் சைக்கிளே குறைந்து ஸ்கூட்டராக நிற்கும். அவள் குரல் கொஞ்சம் தடித்திருக்கும், வண்டிக்காரர்களிடம் கத்திக் கத்தி. யார் மேலாவது எரிந்து விழுவாள். ஒரு நாள் கூட்ட நேரத்தில் டோக்கன் தீர்ந்துபோகும். அண்ணன் கொண்டுபோன டோக்கனுக்கு ஜோடி, ஆணியில் மாட்டி வைத்திருக்கிற பதினேழாம் டோக்கன் ஒன்றுதான் மிச்சம். யாரோ ஒரு ஆள் ரயிலுக்கு நேரமாகிறது என்று கையை நீட்டுவான். அவள் அதை எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது கை ஒரு நொடி நிற்க வேண்டும். அவ்வளவுதான். அதற்கு ஒரு வசனமும் வேண்டாம். வேண்டுமானால் நான் பேசுவேன், ஒரே ஒரு விழுங்கல், சின்னதாக.

போன வருஷம் இளம்பரிதி சார் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். வாய்ஸ் டெஸ்ட் என்றார்கள். ரெண்டு மத்தியானம் டேனியல் அண்ணன் தியேட்டரில் என்னை உட்கார வைத்துப் பேப்பரில் இருந்த செய்தியை எல்லாம் வாசிக்கச் சொன்னார்கள். தங்கம் விலை, வானிலை, கிரிக்கெட். கோபமாக வாசி, அழுதுகொண்டே வாசி என்றார்கள். வெப்பச்சலனம் காரணமாக மழை பெய்யும் என்று அழுதுகொண்டே வாசித்தேன். எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும். டேனியல் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் பட்டனையே திருகிக்கொண்டிருந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம். ஆனால் "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டப்பிங்குக்குக் கூப்பிடுவார்கள் என்று வேறு வேலை ஒப்புக்கொள்ளாமல் காத்திருந்தேன். கூப்பிடவே இல்லை. படம் வந்துவிட்டது. வடபழனியில் முதல் நாள் போய் உட்கார்ந்தேன். டைட்டிலில் பெரிய எழுத்தில் 'குரல்: சுகிர்தா' என்று வந்தது. முதல் பாகத்தில் நான் பேசினேன், பெயர் இல்லை. இதில் பெயர் இருக்கிறது, நான் பேசவில்லை. திரையில் தெய்வானை வாயைத் திறந்தாள். என் குரல் வந்தது. நான் சொல்லாத வார்த்தையை என் குரல் சொன்னது. "எங்கண்ணன் வந்துட்டான்டா!" என்று என் குரல் தொடை தட்டியது. அதற்கு முன்னால் ஒரு விழுங்கல். நான் பாப்கார்னைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், என் தொண்டை அசையவே இல்லை, ஆனால் விழுங்குகிறது. கம்ப்யூட்டர் செய்தது, அக்கா. நான் வாசித்த தங்கம் விலையிலிருந்து செய்தது.

சத்தம் போட்டிருக்க வேண்டும். எழுந்து நின்று கத்தியிருக்க வேண்டும். முன்னால் இருந்தவர் தலை மறைக்கிறது என்று திரும்பிப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

அன்றைக்கு சாயங்காலம் அம்மா போன். காடாம்புலியூரிலிருந்து தெருவில் இருக்கிற எல்லோரையும் வேன் வைத்துப் பண்ருட்டி தியேட்டருக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். "பேரு வந்துச்சுடி! எவ்ளோ பெருசா! நான் எழுந்து நின்னு கை தட்டுனேன், எல்லாரும் என்னையே பாத்தாங்க" என்றாள். "அம்மா, அது நான் பேசினது இல்லம்மா" என்றேன். "போடி. பெத்தவளுக்குப் புள்ள கொரலு தெரியாதா? பொறந்தப்ப நீ அழுததே எனக்கு இன்னும் காதுல கேக்குது" என்றாள். பாருங்கள் அக்கா. பெற்ற தாய். ஒரு மெஷினுக்கும் மகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதற்கு மேல் யாரை நம்புவது? அந்தக் கோபத்தில் ஒரு வாரம் நான் வீட்டுக்குப் போனே பண்ணவில்லை.

அந்தக் கோபத்தில்தான் டப்பிங் யூனியனுக்கும் எழுதினேன். நேரில் பேச வராது, அதனால் வாட்ஸப்பில் எழுதினேன். இன்று காலை பஞ்சாயத்து. தலைவி வேதவல்லி அம்மா, எவ்வளவோ கதாநாயகிகளுக்குப் பேசியவர், நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் இளம்பரிதி சார், லேப்டாப்போடு டேனியல் அண்ணன். ஒரு பக்கம் நான்.

"மேடம், இது இந்தப் பொண்ணோட குரல்தான்" என்றார் இளம்பரிதி. "பேரும் போட்டிருக்கோம். மொதல் படத்துல போடலன்னு இவங்களுக்கு வருத்தம்னு கேள்விப்பட்டேன். இதுக்கு மேல என்ன மரியாதை பண்றது? ஜனங்க எதுக்குக் கை தட்டுனாங்களோ அதத்தான குடுக்கணும்? அந்தக் குரலு மாறாம வேணும் எனக்கு. மனுஷங்களுக்கு சளி பிடிக்குது, வயசாகுது."

"வயசாகணும் சார். தெய்வானைக்கு வயசாகணும்." சொன்னேன் அக்கா. ஆனால் எனக்கே கேட்காத அளவுக்குச் சொன்னேன்.

வேதவல்லி அம்மா என்னைப் பார்த்தார். "கண்ணு, அது உன் குரல் இல்லன்னு நீ எப்படிச் சொல்ற?"

"எனக்குத் தெரியும்மா. அதுல உயிரு இல்ல. எங்க கேட்டாலும் நான் கண்டுபிடிப்பேன்."

"அப்ப ரெண்டையும் போட்டே பாத்துடலாம்" என்றார் இளம்பரிதி. சிரித்துக்கொண்டே சொன்னார்.

வேதவல்லி அம்மாவும் சரி என்றார். "எது மெஷினுன்னு இவ காட்டிட்டான்னா டைட்டில்லேருந்து பேர எடுக்கணும். மூணாம் பாகத்துக்கு இவளக் கேக்காம இவ குரலத் தொடக் கூடாது. காட்டலன்னா, கண்ணு, நான் என்ன சொல்லி உனக்காகச் சண்டை போடுறது?" என்றார். ஆமாம், மூன்றாம் பாகமும் வருகிறது. படம் முடியும்போது பாருங்கள், அண்ணன் மறுபடியும் ரயில் ஏறுவான்.

ஒரே வசனம், "எங்கண்ணனோடது. வருவாரு சார்." இரண்டு தடவை போட்டார்கள். ஒன்று முதல் பாகத்துக்கு நான் பேசியது. ஒன்று கம்ப்யூட்டர் பேசியது.

முதலாவதில் அந்த விழுங்கல் இருந்தது. சரியான இடத்தில் குரல் உடைந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டாவதில் ஒன்றுமே இல்லை. சும்மா ஒருத்தி சொல்கிறாள். கொஞ்சம் எரிச்சலாக, வேலையைப் பார்த்துக்கொண்டே சொல்கிற மாதிரி. வார்த்தை முடியும்போது மூச்சு இழுத்தது.

"முதல்ல வந்ததுதான் நான்" என்றேன். அந்த அறையில் சத்தமாகப் பேசியது அது ஒன்றுதான். "ரெண்டாவது மெஷினு. கேட்டாலே தெரியல? அதுக்கு அண்ணன்னா என்னன்னே தெரியாதும்மா."

இளம்பரிதி சிரிப்பதைக்கூட நிறுத்திவிட்டார். டேனியல் அண்ணன்தான் லேப்டாப்பை மெதுவாக மூடிவிட்டு, "மொதல் தடவ வந்ததுதான் மெஷினு, சுகி" என்றார்.

நீங்களே சொல்லுங்கள், இது ஏமாற்று வேலையா இல்லையா? நான் நன்றாகப் பேசியதைப் போட்டிருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டேனா? முதல் பாகத்து டப்பிங்கில் முதல் நாள் எப்படிப் பேசுவது என்றே தெரியாமல் பேசி, அவர்களே வேண்டாம் என்று ஒதுக்கிப்போட்டதைத் தேடி எடுத்துவந்து போட்டிருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தது. படிக்கட்டில் டேனியல் அண்ணன் பின்னாலேயே ஓடி வந்தார். "சுகி, நில்லு. இவ்ளோ வருஷம் கழிச்சு நேத்துதான் அதக் கேட்டேன். அன்னிக்கு உங்கிட்ட ஒரு ஸ்டைலும் இல்ல. சும்மா சொன்ன. படத்துல அதத்தான் வச்சிருக்கணும்னு தோணுச்சு. அதனாலதான் இன்னிக்கு அதப் போட்டேன். நீ கண்டுபுடிச்சிடுவன்னு நெனச்சேன்மா" என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அதுல முழுங்கலே இல்லையேண்ணா!" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். ஐந்து வருஷமாக ஊரே கொண்டாடுகிற ஒன்றை விட்டுவிட்டு, இவர் சும்மா சொன்னதைக் கொண்டாடுகிறாராம். காது கெட்டுப்போய்விட்டது அவருக்கு. எல்லோருக்கும்தான்.

இப்போது அம்மா ரோட்டில் வந்து நிற்பாள். சாயங்காலம் தெருக்காரர்கள் எல்லாம் வீட்டுக்கு வருகிறார்களாம். நடுவீட்டில் உட்கார வைத்து அந்தத் தொடை தட்டுகிற வசனத்தைப் பேசிக்காட்டச் சொல்வார்கள். நான் பேசாததை நான் எப்படிப் பேசிக்காட்டுவது?

பலாச்சுளையா? வேண்டாம் அக்கா. பண்ருட்டியில் வாங்கினீர்களா? வண்டி பண்ருட்டி எப்போது தாண்டியது?

பழைய வசனத்தையா? இங்கேயா? எல்லோரும் இருக்கிறார்களே. சரி, உங்களுக்காக மெதுவாகச் சொல்கிறேன். இந்தப் பக்கம் சாயுங்கள். "எங்கண்ணனோடது. வருவாரு சார்." கேட்டீர்களா? அந்த விழுங்கலைக் கவனித்தீர்களா? அதுதான்.

என்ன சொன்னீர்கள்?

டிவியில் வருகிற மாதிரியே இருக்கிறதா?

அக்கா, இவ்வளவு நேரம் நான் யாரிடம் பேசினேன்? நீங்களும்... இருங்கள். அது என்ன, முந்திரித் தோப்பு? அந்த வளைவு? ஐயோ, காடாம்புலியூர் தாண்டுகிறது. அதோ அம்மா. பச்சைப் புடவை. கையில் மாலை வேறு வாங்கி வைத்திருக்கிறாள். கையைக் காட்டுகிறாள் பாருங்கள், வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. அண்ணே. அண்ணே, இங்க எறக்கம். கேட்கவில்லை அவருக்கு. டிவி சத்தத்தில் எப்படிக் கேட்கும்? என் குரல்தான் அங்கே கத்திக்கொண்டிருக்கிறதே, எங்கண்ணன் வந்துட்டான் என்று. அண்ணே.

"யோவ்! நிறுத்துய்யா வண்டிய! காது அவிஞ்சு போச்சா? ஏறும்போதே சொன்னேன்ல? எங்கம்மா அங்க வெயில்ல நிக்குதுய்யா! அந்த டிவிய மொதல்ல அணைச்சுத் தொலைங்க!"

...

நின்றுவிட்டது. அணைத்தும் விட்டார்.

பையை எடுத்துக் கொடுங்கள் அக்கா, மேலே இருக்கிறது, அந்த நீலப் பை. ஏன் எல்லோரும் இப்படித் திரும்பிப் பார்க்கிறார்கள்? தொண்டை எரிகிறது. அம்மா ஓடி வருகிறாள், ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வருகிறாள், கத்தினது யாரென்று அவளுக்கும் தெரியவில்லை. நீங்களும் ஏன் பின்னால் தேடுகிறீர்கள்? பின் சீட்டில் யாரும் இல்லை.

நான்தான் அக்கா. நான்தான் கத்தினேன்.